பொய்மீனுக்கு யார் கண்ணால் வண்ணம் பூசுவது?

தூண்டில் கடைக்குள் நுழைந்தால் ஒரு சுவர் முழுக்கப் பொய்மீன்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மலாயில் இவற்றைக் ‘கெவாங்’ என்பார்கள். பளபளக்கும் நீலம், ஊதா, வெள்ளி, கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு என ஒவ்வொன்றும் “என்னை வாங்கு” என்று அழைக்கும். ஆனால் ஒரு கேள்வி. அந்த நிறங்கள் யாரை அழைக்கின்றன? கடையில் பணம் கொடுப்பவர் நாம். தண்ணீருக்குள் வாயைத் திறக்க வேண்டியது மீன். இருவருடைய கண்களும் ஒன்றல்ல.

சொந்தமாகப் பொய்மீன் செய்து வண்ணம் தீட்டுவது நம் நாட்டில் பலருக்குப் பிடித்த கைவேலை. வீட்டுப் பின்கட்டில் அமர்ந்து, ஒரு மரத்துண்டும் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு செய்துவிடலாம். தந்தையும் பிள்ளையும் சேர்ந்து செய்வதற்கும் ஏற்றது. அந்தக் கையளவு மரத்துண்டுக்குள் அடர்த்தி, மிதப்பு விசை, ஒளி, உயிரினங்களின் புலன்கள் என்று இடைநிலைப்பள்ளி அறிவியலில் பாதி அடங்கியிருக்கிறது. கூடவே ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதுதான் மிக முக்கியமான பகுதி.

முதலில் ஒரு சிறு வரலாறு. பின்லாந்தில் லௌரி ரபாலா என்ற மீனவர் இருந்தார். கொன்றுண்ணும் மீன்கள், கூட்டமாக நீந்தும் சிறுமீன்களில் சற்றே தள்ளாடும் மீனைத்தான் பாய்ந்து பிடிக்கின்றன என்பதை அவர் கவனித்தார். 1936-இல் செருப்புத் தைப்பவரின் கத்தியாலும் உப்புத்தாளாலும் கார்க் கட்டையைச் செதுக்கி ஒரு பொய்மீன் செய்தார். சாக்லெட் சுற்றிவந்த பளபளப்புத் தாளை அதன்மேல் ஒட்டினார். நீர் புகாமல் இருக்கப் பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசினார். (அக்காலப் படச்சுருள்களில் பல எளிதில் தீப்பற்றுபவை. அதை நீங்கள் முயல வேண்டாம்.) கடையில் கிடைக்கும் பொருள் எதுவும் அவரிடம் இல்லை. மீன் எதைக் கவனிக்கிறது என்ற அறிவு இருந்தது. நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

மிதக்குமா?

உருவம் செதுக்கும் முன் எந்த மரம் என்பதை முடிவு செய்ய வேண்டும். காற்றில் நன்கு உலர்ந்த பல்சா மரம் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.16 கிராம் எடை கொண்டது. நம் காடுகளில் வளரும் ஜெலுத்தோங் மரம் ஏறத்தாழ 0.45 கிராம். ரப்பர் மரம் ஏறத்தாழ 0.65 கிராம். ஒரு கன சென்டிமீட்டர் நீரின் எடை 1 கிராம் என்பதால் மூன்றுமே மிதக்கும். ஆனால் பொய்மீன் என்பது வெறும் மரமன்று. முள், கம்பி, வளையம், வண்ணம், மேற்பூச்சு எல்லாம் சேர வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். நீங்கள் செதுக்கிய உடலின் கன அளவு 12 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கிமிடிஸ் விதிப்படி அது முழுதும் மூழ்கும்போது 12 கிராம் நீரை விலக்கும். ஜெலுத்தோங் என்றால் மரத்தின் எடை 5.4 கிராம். முள்ளும் கம்பியும் 3 கிராம், வண்ணமும் பூச்சும் 1 கிராம். மொத்தம் 9.4 கிராம். (முட்களும் சிறிதளவு நீரை விலக்கும், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.) இன்னும் 2.6 கிராம் இடம் இருக்கிறது. அதில் 1.5 கிராம் பாரம் வைத்தால் பொய்மீன் நிமிர்ந்து மிதக்கும். இதையே ரப்பர் மரத்தில் செய்தால் மரம் மட்டும் 7.8 கிராம். மிஞ்சுவது 0.2 கிராம்தான். அதே பாரத்தை வைத்தால் பொய்மீன் நேராக அடிமட்டத்துக்குப் போய்விடும். பல்சாவில் இடம் தாராளமாக உண்டு. ஆனால் அது மிகவும் மிருதுவானது. தோமான் போன்ற பல்வலிமை உள்ள மீன் ஒருமுறை கவ்வினாலே பள்ளம் விழும். ஜெலுத்தோங் இரண்டுக்கும் நடுவே நிற்பதால் கைவேலைக்கு ஏற்றது.

கன அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? சமையலறைத் தராசு போதும். ஒரு குவளை நீரைத் தராசில் வைத்து அளவைச் சுழியமாக்குங்கள். நீர் புகாதபடி முதல் பூச்சுப் பூசிய மரத்துண்டை ஒரு மெல்லிய ஊசியால் நீருக்குள் அழுத்திப் பிடியுங்கள். அது குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. தராசு காட்டும் கிராம் எண்ணிக்கைதான் உங்கள் பொய்மீனின் கன சென்டிமீட்டர்.

பாரத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வயிற்றின் அடிப்பகுதியில், நடுவுக்குச் சற்று முன்னால் வையுங்கள். ஈர்ப்பு மையம் கீழே இருந்தால்தான் கப்பலைப் போலச் சாய்ந்தாலும் நிமிரும். மேலே இருந்தால் வயிற்றைக் காட்டி மல்லாந்துவிடும்.

நீந்துமா?

கலங்கிய ஆற்றில் மீனின் கண் அதிகத் தூரம் எட்டாது. அங்கே அதற்கு உதவுவது பக்கக்கோட்டு உறுப்பு. மீனின் உடல் நெடுகிலும் செவுளிலிருந்து வால்வரை ஓடும் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் நீரின் மெல்லிய அசைவையும் உணரும் மயிரணுக்கள் உள்ளன. அருகில் ஒரு சிறுமீன் துடித்தால் அந்த அதிர்வு கண்ணுக்கு முன்பே உடலுக்குத் தெரிந்துவிடும்.

அந்தத் துடிப்பைப் பொய்மீனுக்குக் கொடுப்பது அதன் வாயடியில் பொருத்தும் சிறிய தகடு, அதாவது ‘உதடு’. நீங்கள் நரம்பை இழுக்கும்போது நீர் அந்தத் தகட்டில் மோதி உடலைக் கீழே தள்ளுகிறது. தகட்டின் இரு ஓரங்களிலும் சுழிகள் மாறிமாறிப் பிரிவதால் உடல் இடமும் வலமுமாக ஆடுகிறது. உதடு ஏறக்குறைய செங்குத்தாக இருந்தால் பொய்மீன் ஆழமில்லாமல் நன்றாக ஆடும். உடலின் நேர்க்கோட்டை ஒட்டி முன்னோக்கி நீண்டிருந்தால் ஆழத்துக்கு இறங்கும்.

இதற்குத் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டாம். பயன்படாத குறுந்தட்டு பாலிகார்பனேட்டால் ஆனது, கனம் 1.2 மில்லிமீட்டர். பளபளப்பு ஏட்டை ஒட்டுநாடாவால் உரித்தெடுத்து, வெந்நீரில் சற்று இளக்கி வெட்டினால் விரிசல் விடாது.

உடலின் நீளத்துக்கும் ஒரே துண்டு துருவேறா எஃகுக் கம்பியைச் செலுத்தி, நரம்பு கட்டும் வளையத்தையும் முள் மாட்டும் வளையங்களையும் அதிலேயே முறுக்குங்கள். அப்போது மரம் உடைந்தாலும் மீன் வாயில் முள்ளோடு அறுத்துக்கொண்டு போகாது.

தெரியுமா?

இப்போது வண்ணத்துக்கு வருவோம். வெயில் ஒளியில் எல்லா நிறங்களும் உண்டு. ஆனால் நீர் அவற்றை ஒரே மாதிரி விடுவதில்லை. தெளிந்த நீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். 10 மீட்டர் ஆழத்தில் சிவப்பு ஒளியில் மிகச் சிறிதளவே மிஞ்சும், நீலமோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே தெளிந்த கடலில் ஆழத்துக்கு இறக்கும் சிவப்புப் பொய்மீன், அங்கே கரும்சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.

நம் நாட்டுச் சதுப்புக் காடுகளின் நீர் இதற்கு நேர்மாறு. அழுகிய இலைகளின் சாறு கரைந்து, அந்த நீர் ‘தே ஓ’ நிறத்தில் இருக்கும். இங்கே முதலில் மறைவது நீலம். சிவப்பும் ஆரஞ்சும்தான் அதிக ஆழம் போகும். மீன்களின் கண்களும் இதற்கேற்பவே அமைந்துள்ளன. பல நன்னீர் மீன்களின் விழித்திரையில், வைட்டமின் ஏ-யின் மற்றொரு வடிவத்திலிருந்து உருவாகும் நிறமி இருக்கிறது. அது சிவப்புப் பக்கத்து ஒளியை நன்றாக உணரும். விழித்திரை நிறமிகளை ஆராய்ந்த ஜார்ஜ் வால்டு 1967-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பால் சேர்க்காத கெட்டியான தேநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஆறவிடுங்கள். சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை, அடர்நீலம், கறுப்பு நிறத் துண்டுகளைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து, குவளை வழியாகப் பாருங்கள். சிவப்பும் ஆரஞ்சும் வெள்ளையும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் தெரியும். நீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிவது கடினம். அடுத்து, நீல நிறக் கண்ணாடித்தாள் வழியாக அதே துண்டுகளைப் பாருங்கள். இப்போது சிவப்பு கறுத்துவிடும். முதலில் பார்த்தது சதுப்பு நீர், அடுத்தது ஆழ்கடல். உங்கள் பொய்மீனுக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கும் முன் இந்த இரண்டு நிமிடச் சோதனை போதும்.

அமெரிக்காவில் இலினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனுக்கு நிறங்களைத் தேர்ந்தெடுக்கப் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். சிவப்பையும் பச்சையையும் அது நன்றாகப் பிரித்தறிந்தது. பளீர் மஞ்சள்பச்சையை வெள்ளையோடும், அடர்நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொண்டது. நாம் கடையில் நின்று இரண்டில் எதை வாங்கலாம் என்று யோசிக்கும் நிறங்கள், அந்த மீனுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே எத்தனை நிறங்கள் பூசினோம் என்பதைவிட, ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடே முக்கியம். உங்கள் கைப்பேசியில் பொய்மீனைப் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கோடுகளும் புள்ளிகளும் அப்போதும் தெளிவாகத் தெரிந்தால் நீங்கள் பூசியது பயன்படும். எல்லாம் ஒரே சாம்பலாகிவிட்டால் அந்த உழைப்பு உங்கள் கண்ணுக்கு மட்டும்தான்.

இன்னொரு பாடமும் உண்டு. உண்மையான மீன்களின் முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது ஏன்? மேலிருந்து விழும் வெளிச்சத்தில் முதுகு பிரகாசமாகவும் வயிறு நிழலாகவும் தெரியும். நிறம் அதற்கு எதிராக அமைந்தால் இரண்டும் சமமாகி, மீன் நீரோடு நீராக மறைந்துவிடும். இதை 1896-இல் விளக்கியவர் அப்பட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். அவர் ஓவியர் என்பதால்தான் நிழலின் தந்திரம் அவருக்குப் பிடிபட்டது. இரைமீன் மறைய விரும்புகிறது. நம் பொய்மீனோ பாதி மறைந்து பாதி தெரிய வேண்டும். இயல்பான முதுகும் வயிறும் பூசிவிட்டு, பக்கவாட்டில் மட்டும் பளிச்சென்று ஒரு கோடு அல்லது தங்க நிறப் பட்டை போடுவது நல்ல நடுவழி.

நீர்மட்டத்தில் தாவும் தவளைப் பொய்யிரை செய்பவர்களுக்கு ஒரு சொல். விராலும் தோமானும் காற்றைச் சுவாசிக்க மேலே வரும் மீன்கள். அவை உங்கள் தவளையைக் கீழிருந்து பார்க்கின்றன. ஒளிவிலகலால் நீருக்கு அடியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடும். அந்த வட்ட வானத்தின் பின்னணியில் தவளை ஒரு நிழலுருவம் மட்டுமே. முதுகில் மணிக்கணக்காகத் தீட்டிய புள்ளிகளை மீன் பார்க்கப்போவதில்லை. வயிற்றையும் கால்களின் அசைவையும் கவனியுங்கள். அந்தி நேரத்தில் கறுப்பு வயிறு நன்றாகவே தெரியும்.

பூசும் முறை

செதுக்கிய மரத்தை முதலில் 120, பிறகு 240, கடைசியில் 400 எண் உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குங்கள். அடுத்து, ஷெல்லாக் போன்ற பூச்சை இரண்டு முறை பூசி உலரவிடுங்கள். இதைத் தவறவிட்டால் மரம் நீரை உறிஞ்சி உப்பி, மேலே பூசிய வண்ணத்தைப் பிளந்துவிடும்.

பிறகு முழுவதும் வெள்ளை பூசுங்கள். வெள்ளை எல்லா ஒளியையும் திருப்பி அனுப்பும் என்பதால் மேலே வரும் மெல்லிய நிறங்கள் பளிச்சிடும். வெளிர் நிறங்களை முதலிலும் அடர் நிறங்களைப் பின்னரும் பூசுவது வழக்கம். நீரில் கரையும் ஆக்கிரிலிக் வண்ணம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது. செதில் வேண்டுமா? வெங்காயம் வரும் வலைப்பையை உடலில் இறுக்கிச் சுற்றி, கடற்பஞ்சால் மெல்ல ஒற்றி எடுங்கள். வலையை நீக்கினால் செதில் வரிசை நிற்கும்.

கடைசியாக இரு பாகங்கள் கலக்கும் எபோக்சி மேற்பூச்சு. அது இறுகும்வரை பொய்மீனை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் புவியீர்ப்பு அதை ஒரு பக்கம் வழியவைத்து, நீங்கள் கணக்கிட்ட எடைச் சமநிலையைக் கெடுத்துவிடும். எபோக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். கையுறை அணியுங்கள், காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். கார்களுக்குத் தெளிக்கும் இரு பாகப் பூச்சில் ஐசோசயனேட் இருக்கும். அது நுரையீரலைப் பாதிக்கும். வீட்டில் அதைத் தெளிக்காதீர்கள்.

ஈயமா, வெள்ளீயமா?

இப்போது தொடக்கத்தில் சொன்ன ஆபத்து. அந்த 1.5 கிராம் பாரத்துக்குப் பலரும் எடுப்பது ஈயம். மலிவானது, அடர்த்தி 11.3, 327 பாகை செல்சியசில் உருகிவிடும். வீட்டு அடுப்பே போதும் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆபத்தும் அதுவே. உருக்கும்போது எழும் புகையும் மேலே படியும் துகளும் சமையலறையில் தங்கிவிடும். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கவைக்கும்.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறுபிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக ஈர்த்துக்கொள்ளும். அது வளரும் மூளையைப் பாதித்து, கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கும். ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் பொருத்தும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். பழைய டின்னில் மிச்சமிருக்கும் மஞ்சள், சிவப்பு எண்ணெய் வர்ணத்தையும் பொய்மீனுக்குப் பூசாதீர்கள். அந்த நிறங்களுக்கு ஈயக் குரோமேட் பயன்படுத்துவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது.

அறுந்துபோன நரம்போடு நீரில் தங்கும் ஈயமும் சும்மா இருப்பதில்லை. நீர்ப்பறவைகள் உணவை அரைக்கச் சிறுகற்களை விழுங்கும். ஈயக் குண்டைக் கல்லென்று விழுங்கினால் இரைப்பை அதையும் அரைத்து இரத்தத்தில் கலக்கும். இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் இப்படி ஏராளமாக மடிந்ததால், 1987-இல் சிறிய ஈயத் தூண்டில் பாரங்களுக்குத் தடை வந்தது. அதன்பின் அன்னங்களின் எண்ணிக்கை மீண்டும் உயர்ந்தது.

மாற்று நம் மண்ணிலேயே கிடைத்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ‘ஈயச் சுரங்கங்கள்’ என்று பேச்சில் சொல்கிறோமே, அங்கே தோண்டியது ஈயம் அன்று. அது வெள்ளீயம், முற்றிலும் வேறான தனிமம். அதன் அடர்த்தி 7.3, உருகுநிலை 232 பாகை. ஈயத்தின் நஞ்சு அதற்கு இல்லை. 1985-இல் உலகச் சந்தையில் விலை சரிந்து சுரங்கங்கள் மூடின. அவை விட்டுச்சென்ற குட்டைகளில்தான் இன்று பலர் தூண்டில் போடுகிறார்கள். ஒரு காலத்தில் வெள்ளீயம் எடுத்த குட்டையில் நாம் ஏன் ஈயத்தைப் போட வேண்டும்?

எதையும் உருக்கத் தேவையில்லை. ஈயம் இல்லாதது என்று உறையில் அச்சிட்ட சோல்டர் கம்பி பெரும்பாலும் வெள்ளீயம்தான். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, வயிற்றில் துளையிட்ட குழியில் அடைத்துப் பசையிட்டு மூடலாம். (பழைய சோல்டர் கம்பியில் ஈயம் கலந்திருக்கும், உறையைப் படித்து வாங்குங்கள்.) எஃகுக் குண்டுகளும் நல்லவை. 5 மில்லிமீட்டர் குண்டு ஒன்று ஏறத்தாழ அரை கிராம். மூன்று போட்டால் நம் 1.5 கிராம் வந்துவிடும். ஈயத்தைவிட எவ்வளவு அதிக இடம் பிடிக்கும் தெரியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு துளி நீரின் அளவு. அந்த ஒரு துளி இடத்தை மிச்சப்படுத்தத்தான் நாம் ஈயத்தைச் சமையலறைக்குள் கொண்டுவருகிறோம்.

நீரில் இறக்கும் முன்

வாளியில் மிதக்கவிட்டுப் பாருங்கள். சாய்ந்தால் பாரத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு குளத்தோரம் மெல்ல இழுத்துப் பாருங்கள். பொய்மீன் இடப்பக்கம் ஓடினால், நரம்பு கட்டும் வளையத்தை மயிரிழையளவு வலப்பக்கம் வளையுங்கள். வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம். ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, பார்த்ததைக் குறித்து வையுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் கற்றுத்தருவதும் இதையேதான்.

சொந்தமாகச் செய்வதால் முள்ளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உங்களுடையது. மூன்று முனை முள்ளுக்குப் பதில் ஒற்றை முள் மாட்டலாம். நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறட்டால் அழுத்திவிட்டால், சிறிய மீனைக் காயமில்லாமல் விடலாம். இன்னொன்று, மீன் எப்போதும் பசிக்காகக் கடிப்பதில்லை. நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால், அடியில் தாயும் தந்தையுமாகத் தோமான் காவல் நிற்கிறது என்று பொருள். அங்கே எறியும் பொய்மீனை அவை பாய்ந்து கவ்வுவது குஞ்சுகளைக் காப்பதற்காக. பெற்றோர் போய்விட்டால் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. அந்த இடத்தை விட்டு வேறு பக்கம் எறியுங்கள்.

இந்த வாரம் ஒரு குவளை ‘தே ஓ’ போடும்போது இன்னொன்றும் சேர்த்துப் போடுங்கள். ஒன்று குடிக்க, மற்றொன்று வண்ணங்களைப் பார்க்க. தூரிகையை அதன் பிறகு எடுங்கள்.